கடவுக்குக் குறுக்கே ஒரு கட்டில்

பிப்ரவரி 3, திங்கள்

பால் சொசைட்டியில் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்க டிவி பெட்டிக்கு அடியில் சும்மா கிடந்தது. சத்துணவு மையத்தில் தினமும் எத்தனை பிள்ளைகள், எத்தனை முட்டை என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. ஓய்வு பெற்ற பிறகு எழுத ஒன்றுமில்லாமல் அரித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது. கோபம்.

காலையில் மச்சாண்டார் வந்தார். இவருடைய அண்ணன், வெள்ளியங்கிரி. கொரங்காட்டில் தன் பாகத்தைச் சோலார்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார். பக்கத்து ஊரில் தூறல் போட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

கொரங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்றே விட்ட காடு. எங்களுடையதில் யாரும் ஏர் பூட்டியதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். தெற்குப் பாதி எங்களுக்கு, வடக்குப் பாதி மச்சாண்டாருக்கு. உள்ளே நுழைய வேலியில் விட்டிருக்கும் வாசலைக் கடவு என்போம். மொத்தக் காட்டுக்கும் ஒரே கடவுதான், அது எங்கள் பக்கம். அங்கிருந்து எங்கள் பாகத்தின் வழியாக ஒரு வண்டித்தடம் வடக்கே போகிறது. அதில் போய்வர மச்சாண்டாருக்கு உரிமை உண்டு, பாகப் பத்திரத்திலேயே இருக்கிறது. நானும் இல்லை என்று சொல்லவில்லை.

வடக்குப் பாதியில்தான் பாண்டுக்குழிகள் இருக்கின்றன. இடுப்பளவு உருண்டைக் கற்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் சல்லியும் மண்ணும் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அடியில் பலகைக்கல் அறை இருக்கிறது, அதில் செத்தவர்களை வைத்திருக்கிறது என்பார்கள். யார் வைத்தார்கள், யாரை வைத்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மழை நாளில் எங்கள் மயிலைப் பசு ஈரம் படாமல் அந்த மேட்டில்தான் ஏறிப் படுக்கும். அதற்கு மேல் அவற்றோடு எங்களுக்கு எந்த உறவும் இருந்ததில்லை.

சோலார் தகடு போட நிலம் சமமாக வேண்டுமாம். அப்படியானால் அந்தக் கல்லெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதுக்கு ஆரு இருக்கறாங்க அம்மிணி, வந்து கேக்கறதுக்கு?" என்றார்.

நான் இருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. கையில் காபி டம்ளர் இருந்ததால் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

இவருக்குச் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. நாக்கு கசக்கிறதாம். இந்த முறை வாங்கிய அரிசி சரியில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்கிறார். பச்சை பெல்ட் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். வெள்வேலங்காய் ஒரு சாக்கு பொறுக்கி ஆடுகளுக்குப் போட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மைதிலி திருப்பூரிலிருந்து வந்தாள். சும்மா வரவில்லை, தனக்குக் கல்லூரியில் சரித்திரம் எடுத்த ஜெசிந்தா டீச்சரையும் ஒரு வேன் நிறைய மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். என் பெண்ணுக்குப் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். என் கோபத்தில் பாதி அவளுக்கும் வந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது.

டீச்சர் குள்ளமான மனுஷி, தொப்பி போட்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். எந்தப் போட்டோ எந்தக் கல் என்று பிறகு குழம்பக் கூடாதென்று, பிள்ளைகள் ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் எழுதினார்கள். மச்சாண்டார் தூர நின்று பார்த்தார், தடுக்கவில்லை. படிக்கிற பிள்ளைகள் எழுதிவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயின்ட் டப்பாவைக்கூடக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நம்பர்களைப் பார்க்கத் தெம்பாக இருந்தது. இனி இவற்றை எவனும் தொட முடியாது என்று நினைத்தேன்.

இவர் மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு பழசு இருக்கும் என்று டீச்சரிடம் கேட்டார். தோண்டாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம்கூட இருக்கலாம் என்றார் டீச்சர். வீட்டுக்கு நடக்கும்போது இவர் இரண்டு தடவை நின்றுவிட்டார். நின்றது மூச்சு வாங்கத்தான். ஆனால் ஏதோ சொல்வதற்காக நின்றவர் போல, "அத்தன வருசமா ஆரும் எழுப்பாம படுத்திருக்கறானுங்க பாரு. குடுத்து வெச்சவனுங்க" என்றார்.

டீச்சர் எழுதிக்கொடுத்த மனுவில் நானும் இவரும் கையெழுத்துப் போட்டோம். தொல்லியல் துறைக்கு அனுப்பிப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்பார்களாம். இவர் கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. பேனா சரியில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

சோலார் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். கழுத்தில் அட்டை தொங்கும் இளந்தாரி. மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். கரண்ட் எல்லோருக்கும் வேண்டும்தானே, புகையில்லாத கரண்ட், நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நல்லது என்று ஆரம்பித்தார். எனக்கும் கரண்ட் வேண்டும், கரண்ட் ஏறி இறங்கி எங்கள் மோட்டார் கெட்டுப்போய் மூன்று நாளாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஆனால் தகடு போட வேறு நிலமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"ரெக்கார்டுல மேய்ச்சல் நிலம்னுதாங்க இருக்கு. பொதைச்ச எடம்னு எங்கயும் இல்லீங்க" என்றார்.

"உங்க ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாலயே செத்துப்போட்டாங்க தம்பி. எழுதி வெக்காமப் போனது அவங்க தப்புங்களா?"

தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, திங்கள்

நாளைக்குக் கோயம்புத்தூர். ஸ்கேன் ஒன்று, இன்னும் என்னென்னவோ. ஓரிரு நாள் தங்க வேண்டும் என்கிறாள் மைதிலி. கடவில் படலைச் சாத்திக் கட்டிவிட்டு வந்தேன். மயிலையைப் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அது வேறு கையில் கறக்கவிடாது, உதைக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் வேலி வைத்த மண்பாதையான இட்டேரியில் பெரிய சக்கரத் தடம்.

வடக்கு மூலையில் இருந்த வட்டம் இல்லை. பல் பிடுங்கிய ஈறு மாதிரி வட்டமாகக் குழிகள் மட்டும் இருந்தன. கற்களைப் பிடுங்கி வேலியோரம் குவித்திருந்தார்கள், டிப்பர் வந்து அள்ளிக்கொண்டு போவதற்காக. பொக்லைன் ஓட்டுகிறவன் வண்டி நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கத்திய கத்தில் டப்பாவை மூடிவிட்டான்.

அவன் நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னான், "நம்பர் போட்ட கல்ல மட்டுந்தானுங்க எடுத்தேன். நம்பரில்லாத ஒரு கல்லக்கூடத் தொடலீங்க."

அவன் இதற்கு முன் ஓட்டியது கல் குவாரியில். அங்கே மேஸ்திரி எந்தப் பாறையைத் தூக்க வேண்டுமோ அதில்தான் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போடுவாராம். நம்பர் இல்லாததை விட்டுவிட வேண்டும். வேலி ஓரத்தைச் சுத்தம் பண்ணு என்று சொல்லித்தான் அவனை அனுப்பியிருக்கிறார்கள். வந்து பார்த்தவன், யாரோ ஏற்கெனவே குறித்து வைத்துவிட்டார்கள் என்று வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறான். நாங்கள் காப்பாற்றப் போட்ட நம்பர் அவனுக்கு எடு என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற கையை என்ன செய்வது?

அவன் பொக்லைனை எடுத்துக்கொண்டு போனதும் டீச்சருக்குப் போன் பண்ணினேன். அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கம்பி பிரஷ்ஷும் தின்னரும் எடுத்துக்கொண்டு போய், மிச்சமிருக்கும் வட்டங்களில் இருந்த நம்பரையெல்லாம் மைதிலியும் நானும் தேய்த்து எடுத்தோம். மச்சாண்டார் வந்து நின்றார். எனக்கே தெரியாமல் நடந்துபோச்சு அம்மிணி என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோயம்புத்தூர் விஷயம்: நல்ல டாக்டர். இனிமேல் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். பத்தியம் எதுவும் இல்லை. மைதிலி வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ் ஆகாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்றார். கடவுப் பக்கம் காற்று நன்றாக வரும் என்று அவரே சொன்னார். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டோம். கடவுக்குக் குறுக்கே போட்டால்தான் வெள்வேல மரத்து நிழல் சரியாக விழுகிறது. நேராகப் போட்டால் கால் வெயிலில் கிடக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்றும் கட்டில் போட்டோம். மைதிலி லீவு போட்டுவிட்டாள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

கற்களை அள்ள டிப்பர் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பிறகு கட்டிலில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நான் எழுந்து, காற்று வாங்குகிறார், உடம்பு சரியில்லை என்றேன். எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டு, வண்டி போக வழியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, இட்டேரி நெடுகப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குறுகல் இட்டேரியில் டிப்பரைப் பின்னால் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இவர் தலையைத் தூக்கி முழுக்க வேடிக்கை பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். இளநீர் பாதி குடித்தார்.

பிப்ரவரி 27, வியாழன்

ஸ்டேஷனிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். வழியை மறிப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். பாருங்கள், மறிப்பவரை நீங்களே எழுப்பிக் கேளுங்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் மேலே சொல்லவில்லை. போகும்போது படலை அவரே சாத்திவிட்டுப் போனார்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 2, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மச்சாண்டார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடவுக்கு வந்தார். முழங்கால் தேய்ந்துபோன மனுஷன், அந்தத் தூரம் நடந்து வந்ததே பெரிது. வந்ததும் என்னைத்தான் பிடித்தார்.

"சீக்காளியக் கொண்டாந்து தடத்துல போட்டு வழி மறிக்கறயே அம்மிணி. நல்லாருக்குதா இது? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டுமுங்க மாமா. அவரு காத்து வாங்கறாரு."

"அவள ஏன் ணா கேக்கற? கட்டலப் போடச் சொன்னது நாந்தான்" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

மச்சாண்டார் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தார். தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். மகன் கனடாவில் இருக்கிறான், அவன் வந்து மாடு மேய்க்கப் போவதில்லை. தனக்கோ கால் போய்விட்டது. மாட்டையெல்லாம் விற்றாகிவிட்டது. காடு சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற காட்டைக் கேட்கிறவனுக்குக் கொடுத்தால் என்ன தப்பு? எனக்கு அந்த ஆள்மேல் கொள்ளைக் கோபம் இருந்தாலும், பொய் எழுத மாட்டேன், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். பிறகு கேட்டார்.

"நம்மப்பன எங்க ணா வெச்சிருக்குது?"

"தெரியாத மாதிரி கேக்கற. தோட்டத்துல, கெணத்து மேட்டுல."

"நாளைக்கு உம்பையன் அந்தத் தோட்டத்தக் குடுத்துப்போட்டா? ரெக்கார்டுல தோட்டம்னுதான் இருக்குது. அப்பன் இருக்கறாருன்னு இல்லியே."

இவர் பாண்டுக்குழிகள் பக்கம் கையைக் காட்டினார்.

"அவனுங்கள இத்தன வருசம் வுட்டு வெச்சிருந்தாங்க. வந்தவன், போனவன், மாடு மேச்சவன், எல்லாரும் சுத்தித்தான் போயிருக்கறாங்க. என்னைய எத்தன வருசத்துக்கு ணா வுட்டு வெப்பீங்க?"

"கிறுக்குப் புடிச்சாப்பல பேசாத நாச்சி" என்று இவரைப் பேர் சொல்லி அதட்டினார் மச்சாண்டார். எழுந்தார். போவதற்கு முன், கட்டில் காலில் கட்டியிருந்த குடையை அவிழ்த்து, இவர் முகத்தில் நிழல் விழும்படி திருப்பிக் கட்டினார். முடிச்சு போட நேரமாயிற்று. பிறகு என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் இவரைத் திட்டினேன். அண்ணனிடம் பேசுகிற பேச்சா இது, வாயில் நல்ல வார்த்தையே வராதா, இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கப்போகிறவர் இப்படியா பேசுவது என்று. இவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி புள்ள" என்றார்.

மார்ச் 6, வியாழன்

இப்போதெல்லாம் இவரால் நடக்க முடியவில்லை. கட்டிலோடு தூக்கிப் போகிறோம், தலைமாட்டில் மைதிலி, கால்மாட்டில் நான். கனமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் இரண்டு நெல் மூட்டையை ஒன்றாகத் தூக்கி வண்டியில் போடுவார்.

டாக்டர் சொன்னது முழுவதையும் நான் இந்த டைரியில் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை. எழுதாத வரைக்கும் அது கோயம்புத்தூரிலேயே இருக்கட்டும்.

பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

மேனேஜர் வந்து, தடத்தை அகலப்படுத்தப் பங்குனி முதல் வாரத்தில் ஆள் வரும், அதற்குள் தயவுசெய்து ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். என்ன ஏற்பாடு என்று கேட்டேன். அவர் கட்டிலைப் பார்த்தார், பிறகு காலுக்குக் கீழே பார்த்தார். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

உங்கள் ஆளை எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லுங்கள், இவர் இங்கேதான் இருப்பார் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று கட்டில் போடவில்லை. வீட்டிலேயே இருந்தார். கடவில் ஆள் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். மைதிலி போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

மார்ச் 14, வெள்ளி

மயிலையை யாரும் கறக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் இவர் தூக்கத்திலேயே போய்விட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்தார், படுத்தார். அவ்வளவுதான். அழுதேன். நன்றாகவே அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

பங்காளிகள் வாசலில் கூடிவிட்டார்கள். எங்கே எடுத்துப்போவது என்று பேச்சு வந்தது. எங்கள் வழக்கம் சொந்தத் தோட்டத்தில் புதைப்பது. கிணற்று மேட்டில் மாமனாருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இந்தக் காலத்தில் மின்மயானம்தான் சுத்தம் என்று இன்னொருவர் சொன்னார். பொம்பளையைக் கேட்டு முடிவு செய்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஆனால் நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். மைதிலி என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"அவரு எங்க கட்டல் போட்டிருந்தாரோ அங்கதானுங்க வெக்கோணும்" என்றேன்.

அது எந்த இடம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அது மச்சாண்டாருக்கு உரிமையுள்ள தடம் என்பதும் தெரியும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மூத்தவர் அவர்தான், அவர் வேண்டாம் என்று சொன்னால் நான் ஒன்றும் செய்ய முடியாது. நடைவாசலில் உட்கார்ந்து கைத்தடியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கொரங்காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். குழி வெட்டுகிறவர்களும் மற்றவர்களும் பின்னால் போனார்கள். நானும் போனேன். யாரும் தடுக்கவில்லை.

கடவை ஒட்டி, தடத்துக்கு ஓரமாக மண்வெட்டியால் கோடு கிழித்தார்கள். பாதையை அடைக்க வேண்டாம் என்று மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார்கள். மச்சாண்டார் கைத்தடியால் அந்தக் கோட்டை அழித்தார்.

"ஓரமா வெட்டாதீங்கப்பா. ஓரமா வெட்டுனா வண்டி ஒதுங்கிப் போயிரும்" என்றார். "நடுத்தடத்துல வெட்டுங்க."

சொல்லிவிட்டு வேலிப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கிளுவை இலையைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார். மண் தள்ளும்வரைக்கும் திரும்பவில்லை. கடைசியாக நாய் கிளறாமல் இருக்க மேலே முள் போட வேண்டும். வெள்வேல முள்ளை வெட்டிக் கொண்டுவந்து போட்டது அவர்தான். கையெல்லாம் கீறி ரத்தம்.

என் கோபத்தில் அவருக்கென்று வைத்திருந்த பங்கு அங்கேயே போய்விட்டது. மிச்சக் கோபம் இருக்கிறது. அது எனக்கு இன்னும் வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

மேனேஜர் ஆட்களோடு வந்தார். முள்ளைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். துக்கம் விசாரித்தார். பிறகு மச்சாண்டாரைக் கூப்பிட்டு, தடம் உங்கள் உரிமை, பத்திரத்தில் இருக்கிறது, இதை மாற்றி வைக்கச் சொல்லலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உரிமை என்னுதுதானுங்களே?" என்றார் மச்சாண்டார்.

"ஆமாங்க."

"எனக்கு வேண்டாமுங்க."

கம்பெனி சும்மா விடாது, ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், கேஸ் வரும் என்றார் மேனேஜர். வரட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மச்சாண்டாரும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. இவர் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிடுங்கிப் போட்ட கற்களை அதனதன் குழியில் திரும்ப நிறுத்தினோம். பொக்லைன் உள்ளே வர வழியில்லை. அதனால் ஊரிலிருந்து பத்துப் பேர் கடப்பாரையும் கயிறுமாக வந்து உருட்டினார்கள். அதில் அந்த பொக்லைன்காரனும் ஒருவன், தானாகவே வந்தான். வேலியோரம் கிடந்த கற்களில் மட்டும் நம்பர் அழியாமல் இருந்தது. டீச்சர் போட்டோவை வைத்துப் பார்த்து, எந்தக் கல் எந்தக் குழி என்று சொல்லிக்கொண்டே வந்தார். எடுக்க வைத்த நம்பரே திரும்ப வைக்கவும் உதவியது. எல்லாம் முடிந்ததும் முதல் வேலையாக அந்த நம்பர்களையும் தேய்த்து எடுத்தேன். டீச்சர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டதாம். அளக்க ஆள் வருகிறார்கள்.

மோட்டாரை ரிப்பேர் பண்ணியாயிற்று. அரிசி மாற்றி வாங்கினேன். பழைய அரிசியில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

அளக்க வந்தவள் சின்னப் பெண். முக்காலியில் ஒரு கருவி வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தாள். அளந்ததையெல்லாம் அட்டையில் செருகிய தாளிலும் பென்சிலால் வரைந்துகொண்டாள். ஒவ்வொரு பாண்டுக்குழிக்கும் ஒரு சின்ன வட்டம். கல்லில் எதுவும் எழுத மாட்டீர்களே என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். தாளில் மட்டும்தான் என்றாள். இது மேலே போய் முடிவாகக் காலம் பிடிக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வரைபடத்தில் ஏறிவிட்டால் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது என்றார் டீச்சர்.

வேலை முடிந்து எல்லோரும் கடவு வழியாகத் திரும்பினோம். முள் போட்ட இடத்தைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். அந்தப் பெண்ணும் யாரும் சொல்லாமலே சுற்றி நடந்தாள். நான் அவளை நிறுத்தி, இதையும் போடு என்றேன்.

"இது புதுசுங்களேம்மா. பழசு மட்டுந்தாங்க எங்க கணக்கு" என்றாள், பாவம், மெதுவாக.

"வுட்டு வெச்சா இதுவும் பழசாயிரும் கண்ணு. போடு."

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் அட்டையை முழங்கையில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டாள். சரியான இடத்தில் போடுகிறாளா என்று நான் எட்டிப் பார்த்தேன். கடவுக்கு நேரே, நடுத்தடத்தில்தான் போட்டிருந்தாள்.